மாவுக்கட்டு மட்டும்தானா?

கேள்வி: நான் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மகள் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.எஸ். ஆர்த்தோ (எலும்பு அறுவை மேற்படிப்பு) முதலாண்டு. சேர்ந்து மாதங்கள் ஆகியும் மாவுக்கட்டு, டிரெஸ்ஸிங், எக்ஸ்ரேயைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, இவ்வளவுதான். ஒரு ஆப்பரேஷன்கூடத் தனியாகக் கொடுக்கவில்லையாம். பெண்பிள்ளை என்று ஒதுக்குகிறார்களா? துறைத் தலைவரிடம் நான் பேசலாமா?
- பெயர் வேண்டாம், குலசேகரம்

பதில்: அண்ணாச்சி, முதலாண்டில் தனி ஆப்பரேஷன் ஆண்பிள்ளைகளுக்கும் கிடைக்காது. புதிதாகப் பால்வெட்டப் பழகுகிறவனை, வெட்டி மாற்றப்போகிற கிழட்டு மரத்தில்தானே கத்தி பிடிக்க விடுவீர்கள்? மனுஷ உடம்பில் அப்படியொரு மரம் கிடையாதே.

மாவுக்கட்டு 'மட்டும்' என்கிறீர்கள் பாருங்கள், அது எனக்கு இடிக்கிறது. மாமரத்திலிருந்து விழுந்து, முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்த பையன் ஒருவன் வருகிறான் என்று வையுங்கள். நம் பக்கம் சிலர் முதலில் நாட்டு வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கை வீங்கின பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே வருவார்கள். சரி, கட்டு போட்டு வார்டில் படுக்க வைத்தாயிற்று. ராத்திரி இரண்டு மணிக்குப் பையன் அழுகிறான். ஊசி போட்டும் வலி அடங்கவில்லை. நர்ஸ் முதலில் கூப்பிடுவது டியூட்டியில் இருக்கும் உங்கள் மகளைத்தான். அவள் பையனின் விரல்களை மெல்ல நீட்டிப் பார்ப்பாள். அலறினான் என்றால், தசைக்குள் அழுத்தம் ஏறுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். நாடி துடிக்கிறதே என்று சமாதானமாகிவிடக் கூடாது, அது கடைசியில்தான் போகும். உடனே கட்டை உள்பஞ்சோடு சேர்த்து, தோல் தெரிகிற வரை பிளந்துவிட்டு சீனியரை எழுப்ப வேண்டும். விடியட்டும் என்று விட்டால் சில மணி நேரத்தில் தசை செத்து, கை கோணிப்போகும். கத்தியைத் தொடாமலே ஒரு கையைக் காப்பாற்றுகிற வேலை இது. இதில் அவளை நம்பலாம் என்று யூனிட்டில் பேச்சு வந்தபிறகுதான் தியேட்டரில் இடம் தருவார்கள்.

அப்புறம் படிப்படியாக வரும். காலில் கம்பி செருகி எடை கட்டுவது, புண்ணைச் சுத்தம் செய்வது, ஆப்பரேஷனில் கூட நிற்பது. இரண்டாமாண்டில் சின்ன முறிவுகளுக்குக் கம்பி, சீனியர் பக்கத்திலேயே நிற்க. மூன்றாமாண்டில் எலும்பை இணைக்கிற பிளேட், எலும்புக்குள் செருகுகிற நெயில், இடுப்பு மூட்டு ஆப்பரேஷன். நடுவே மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைப் பயிற்சி உண்டு. நம் பத்மநாபபுரம் அரசுத் தலைமை மருத்துவமனை மாதிரி இடங்களில். அங்கே ஆள் குறைவாக இருந்தால் கைக்கு வேலை கூடும்.

பெண் என்று ஒதுக்குகிற ஆட்கள் இந்தத் துறையில் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எலும்பு வைத்தியத்துக்கு முரட்டு பலம் வேண்டும் என்கிற பழைய பேச்சு இன்னும் கேட்கிறது. டிரில்லும், காலை இழுத்துப் பிடிக்கிற டிராக்‌ஷன் டேபிளும் வந்தபிறகு அதற்கு என்ன அர்த்தமோ! மகளிடம் லாக்புக் இருக்கும். பார்த்தது, உதவி செய்தது, சீனியர் நிற்கச் செய்தது, தனியாகச் செய்தது என்று அதில் பிரித்து எழுதுவார்கள். கூடச் சேர்ந்த பையன்களின் லாக்புக்கோடு அவள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அவர்களுக்குத் தியேட்டரும் இவளுக்கு வார்டுமாகவே போய்க்கொண்டிருந்தால், அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளே துறைத் தலைவரைப் பார்க்கட்டும்.

நீங்கள் போன் செய்ய வேண்டாம். "அப்பாவைப் பேச வைத்தவள்" என்ற பெயர் மூன்று வருஷமும் அவளை விடாது.