வாடும் இலைக்குள் என்ன நடக்கிறது? கேள்வி பதில்

நெல் அறுத்த ஈரத்திலேயே உளுந்து தெளித்துவிடுகிறோம். அப்புறம் சித்திரை வரை பெரிய மழை கிடையாது. பர்மாவில் பயிர் செய்யும் நம்மவர்கள் சிலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பெகுவிலிருந்து: மத்தியானம் உளுந்து இலை தொங்குகிறது, காலையில் நிமிர்ந்துவிடுகிறது. பயிர் போய்விட்டதா ஐயா?

இல்லை. ஈரம் குறைந்ததும் இலையில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் ஏறும். 1969இல் கோதுமை இலையை வாடவிட்டுப் பார்த்தபோது இது பல மடங்கு கூடியிருந்தது. இலையில் காற்றும் நீராவியும் போய்வரும் நுண்துளைகள் உண்டு, அவற்றைத் திறந்து மூடுபவை காவல் செல்கள். அந்த ஹார்மோன் ஏறினால் காவல் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், பின்னாலேயே தண்ணீரும் போகும், துளை மூடிக்கொள்ளும். இலையிலிருந்து தண்ணீர் போவது குறையும், இரவில் வேர் இழுத்த தண்ணீரால் காலையில் இலை நிமிரும். விடியற்காலையிலும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

தட்டோனிலிருந்து: துளைதான் மூடிவிட்டதே, பிறகு ஏன் இலை மஞ்சளாகிறது?

துளை மூடினாலும் வெயில் நிற்பதில்லையே. பச்சையம் ஒளியை வாங்கிக்கொண்டே இருக்கும், அதைச் செலவழிக்கக் கரியமில வாயு இருக்காது. மிஞ்சிய சக்தியால் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை உண்டாகும். புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே பொருள்தான். அது செல் சவ்வை அரித்து, பச்சையத்தையும் சிதைக்கும். உளுந்து இலை வெயிலுக்கு விளிம்பைக் காட்டித் திரும்புவதும், நெல் இலை சுருள்வதும் இந்த ஒளியைக் குறைக்கத்தான். ஒரு மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து பாருங்கள், அழகாகத் தெரியும்.

ரங்கூனிலிருந்து ஒரு மாணவி: வாடும் செடியில் புரோலின் கூடினால் வறட்சி தாங்கும் நல்ல ரகம் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாதம்மா. புரோலின் ஓர் அமினோ அமிலம். வாடிய புல்லில் அது சேர்வதை 1954இலேயே கண்டார்கள். செல்லுக்குள் தண்ணீரைப் பிடித்துவைக்கும், ஈரம் வந்ததும் செடி அதை உடைத்துப் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் சில நேரம், செடி ரொம்ப வாடிவிட்டது என்பதற்கு அடையாளம் மட்டுமே அது.

மக்வேயிலிருந்து: மழை தள்ளிப்போய்ச் சோளம் முழங்கால் உயரத்தில் வாடி நிற்கிறது. மாட்டை விடலாமா அண்ணே?

விடவே விடாதீர்கள் தம்பி. இளஞ்சோள இலையின் மேல்தோல் செல்லில் துரின் என்ற பொருள் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி உள் செல்லில் இருக்கிறது. மாடு மென்றதும் இரண்டும் கலந்து ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற சயனைடு விஷம் பிறக்கும். வறட்சியில் துரின் கூடும். வாடிய பிறகு மழை பெய்து கட்டையிலிருந்து விடும் துளிரில் ஆபத்து அதிகம்.

சிறு வயதில் எங்கள் பசு கயிறு அறுத்துக்கொண்டு அப்படிப்பட்ட துளிரில் கொஞ்ச நேரம்தான் மேய்ந்தது. வாயில் நுரை, மூச்சு இழுப்பு, கால் உதறல். அப்பா கயிற்றைப் பிடித்தபடி நிற்கும்போதே சாய்ந்துவிட்டது. ஈறு மட்டும் பளிச்சென்று சிவந்திருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடல் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் போனதன் நிறம் அது என்று பின்னால்தான் புரிந்தது.

அறுத்து நன்றாகக் காயவைத்தால் சயனைடு பெரும்பாலும் போய்விடும். ஆனால் வாடிய சோளத்தில் சேரும் இன்னொரு நஞ்சான நைட்ரேட் போகாது. அது அடித்தண்டில்தான் அதிகம், அதனால் உயர்த்தி அறுங்கள். மாடு மூச்சு இழுத்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சோடியம் தயோசல்பேட் ஊசி நேரத்தோடு போட்டால் பிழைக்க வழியுண்டு.

மோல்மேனிலிருந்து: உளுந்துக்கு என்ன தெளிக்கலாம்?

பூக்கும் சமயம், மாலையில், 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் பொட்டாசியம் குளோரைடு. மஞ்சளான இலை இதனால் பச்சையாகாது, இன்னும் பச்சையாக இருக்கும் இலைக்குத்தான் உதவும். கையில் வைக்கோல் இருந்தால் முதலில் அதைப் பரப்பி மூடாக்குப் போடுங்கள்.