என் காருக்கு 5டபிள்யூ-30 போதுமா, கடலூர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 போடணுமா?

கேள்வி இதுதான்: மூன்று வருடமான சின்ன பெட்ரோல் கார். கையேட்டில் எஞ்சின் ஆயில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறது. மெக்கானிக், "இது தண்ணி மாதிரி இருக்கு, கடலூர் வெயிலுக்குத் தாங்காது, 20டபிள்யூ-50 போட்டுக்கலாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கையேடு சொல்வதைக் கேளுங்கள். நான் புதுச்சேரிக்காரன், கடலூருக்கு அடிக்கடி கார் ஓட்டிக்கொண்டு வருபவன். இந்த அறிவுரை இங்கேயும் ரொம்பப் பிரபலம், அதனால் காரணத்தோடு சொல்கிறேன்.

எஞ்சின் ஆயிலைச் சூடாக்குவது வெயில் இல்லை. உள்ளே எரியும் பெட்ரோலும் உராய்வும்தான். கூலன்ட்டின் சூட்டைத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் 90 டிகிரியை ஒட்டிப் பிடித்து வைத்துவிடும். மார்கழிக் காலையில் வெளியே 22 டிகிரி இருந்தாலும் கத்திரியில் 40 இருந்தாலும், நன்றாக ஓடிச் சூடேறிய எஞ்சினில் ஆயில் 100 டிகிரிப் பக்கம்தான் இருக்கும். கத்திரி மதியத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு புதுச்சேரி மரப்பாலம் சிக்னலில் நின்றால் ஃபேன் கூடுதல் நேரம் ஓடும், அவ்வளவுதான்.

அந்த 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைத்தான் பின்னால் உள்ள எண் சொல்கிறது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு இது; எண் கூடினால் கெட்டி அதிகம்). 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. உங்கள் எஞ்சினின் பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப் எல்லாம் முதல் கணக்கை வைத்துச் செய்தவை.

முன்னால் உள்ள எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கானது. 5டபிள்யூவை மைனஸ் 30 டிகிரியில் சோதிப்பார்கள், 20டபிள்யூவை மைனஸ் 15இல். "நம்ம ஊர்ல ஏது அந்தக் குளிர்?" என்று கேட்கலாம். ஆனால் எஞ்சினுக்கு 25 டிகிரியே குளிர்தான். 40 டிகிரியில் அளந்தாலே 5டபிள்யூ-30 பெரும்பாலும் 60, 70 சென்டிஸ்டோக்ஸ்தான் காட்டும். 20டபிள்யூ-50 சுமார் 150க்கு மேல் போகும். இரவெல்லாம் ஆயில் எஞ்சினின் அடியில் உள்ள தொட்டியான சம்ப்பில் இறங்கிக் கிடக்கும். காலையில் சாவி போட்டதும் அது மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் வரை ஏறிப் போகணும். தேய்மானம் அதிகம் நடக்கும் நேரம் அதுதான். இப்போதைய எஞ்சின்களில் வால்வு டைமிங்கை மாற்றும் அமைப்பும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன. அவற்றின் துளைகள் மெல்லியவை. அப்புறம், மஞ்சக்குப்பத்தில் எடுத்துத் திருப்பாதிரிப்புலியூரில் நிறுத்தினால், ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் பயணமே முடிந்துவிடும். கெட்டி ஆயில் அவ்வளவு நேரமும் கெட்டியாகவேதான் ஓடும், மைலேஜும் குறையும்.

உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தொழில் பழகிய காலத்து வண்டிகளுக்கு 20டபிள்யூ-50 சரியான ஆயில்தான். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடி ஆயில் குடிக்கும் வண்டிக்கு ஒரு படி கெட்டியாகப் போவதிலும் நியாயம் உண்டு. அதையும் கையேட்டின் அட்டவணைக்குள்ளேயே தேடுங்கள்; சில கார்களுக்கு 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 கூட அனுமதித்திருப்பார்கள். உங்கள் மூன்று வருட வண்டிக்கு அது தேவையே இல்லை.

பானெட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியைப் பாருங்கள், பல கார்களில் கிரேடை (5டபிள்யூ-30 போன்ற எண்ணை) அதன் மேலேயே அச்சடித்திருப்பார்கள். மெக்கானிக்கிடம் அதைக் காட்டி, "அண்ணே, இதுல போட்டிருக்கறதையே ஊத்திடுங்க" என்றால் பேச்சு முடிந்தது. கேனை நீங்களே வாங்கிக் கொடுங்கள், சீலை உங்கள் எதிரில் உடைக்கச் சொல்லுங்கள். கேனில் கிரேடோடு ஏபிஐ தரமும் (ஆயிலின் தரத்தைக் காட்டும் குறியீடு) கையேட்டில் உள்ளபடி இருக்கணும். பைக் ஆயில் வேண்டாம். அது ஆயிலிலேயே முங்கி ஓடும் ஈரக் கிளட்சுக்காகச் செய்தது.

இதைப் படிக்கும் பிஎஸ்6 டீசல்காரர்களுக்கு: டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருக்கும் வண்டிக்குக் கிரேடு மட்டும் பொருந்தினால் போதாது. எரிந்தால் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்றணும், இல்லையென்றால் அந்தச் சாம்பல் ஃபில்டரில் படிந்து அடைத்துக்கொள்ளும், ஃபில்டரின் விலையும் அதிகம்.