வரலாறு ப்ராஜெக்டுக்கு மதுரையில் நம்பகமான ஆதாரங்களை எங்கே தேடுவது?

கேட்டவர் ப்ளஸ் ஒன் மாணவர். விக்கிப்பீடியாவும் யூடியூபும் ஆதாரம் ஆகாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். வேறு எங்கே போவது என்று கேட்கிறார்.

போன வருடம் என் மகளுக்கும் இதே கவலை. அவள் எடுத்த தலைப்பு, மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறியது. மேற்கு மாசி வீதியில் அவர் தங்கிய வீட்டில், 1921 செப்டம்பர் 22-இல் நடந்தது. இணையத்தில் பத்துப் பக்கங்களைப் படித்தாள். பத்திலும் ஒரே கதை: வழியில் கோவணம் கட்டிய விவசாயியைப் பார்த்தார், மனம் உருகினார், உடனே மாறிவிட்டார். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதால் பத்தும் ஒரே மாதிரி இருந்தன. பத்துப் பேர் சொன்னாலும் அது ஒரே சாட்சிதான் என்பதை அவளுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது.

அப்புறம் காந்தி ஹெரிடேஜ் போர்ட்டல் என்ற இணையதளத்துக்குப் போனோம். காந்தி எழுதியது, பேசியது எல்லாம் ஆங்கிலத்தில் நூறு தொகுதிகளாக அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. தேதியை வைத்துத் தேடினால் அன்றைய அறிக்கையே வந்துவிடுகிறது. தொப்பியையும் மேல்சட்டையையும் 'குறைந்தது அக்டோபர் 31 வரை' விடுவதாகத்தான் அதில் சொல்கிறார்! இந்த எண்ணம் முன்பே வங்காளத்தில் குல்னாவிலும் பாரிசாலிலும் தனக்கு வந்து போனதையும், சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த ரயிலில் 'கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை' என்று பயணிகள் சொன்னதையும் அவரே வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறார். கதையை விட உண்மை எவ்வளவு ஆழமாக இருக்கிறது பாருங்கள். அதைப் படித்த அன்று என் மகள் இரவுச் சாப்பாட்டையே மறந்துவிட்டாள்.

அடிக்குறிப்பு எழுதும்போது தொகுதி எண்ணோடு தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நூறு தொகுதிகளுக்கு 1999-இல் வந்த மின்பதிப்பில் தொகுதி எண்கள் மாறிவிட்டன, தேதி மாறவில்லை.

விக்கிப்பீடியாவை ஒதுக்கவும் வேண்டாம். கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள் பட்டியலைக் குறித்துக்கொண்டு அந்தப் புத்தகங்களைத் தேடிப் போங்கள். ஆசிரியரும் மறுக்க மாட்டார்.

நேரில் போக இரண்டு இடங்கள். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஒன்று. அங்கே 'வரலாறு வேண்டும்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஊர், ஆண்டு, நிகழ்ச்சி மூன்றையும் ஒரு தாளில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். இன்னொன்று, தமுக்கத்தில் பழைய அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி அருங்காட்சியகம். அதற்குள்ளேயே நூலகம் உண்டு. சுதந்திரப் போராட்டம் தொடர்பான தலைப்பு என்றால் முதலில் அங்கே போங்கள்.

வீட்டிலிருந்தே பார்க்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் இருக்கின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ் (archive.org) தளத்தில், பிரிட்டிஷ் காலத்தில் மதுரை மாவட்டத்தைப் பற்றி விரிவாக எழுதிய நெல்சனின் மதுரை மேனுவல் (1868), பிரான்சிஸின் மதுரை கெசட்டியர் (1906) இரண்டும் கிடைக்கும்.

இந்த இரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். இரண்டையும் எழுதியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். ஆறு, கண்மாய், வரி, பஞ்சம் பற்றி அறிய அருமையான நூல்கள். ஆனால் கள்ளர் சமூகத்தைப் பற்றிய பக்கங்களைப் படித்தால், அந்த மக்களை அரசு எந்தக் கண்ணால் பார்த்தது என்பதுதான் தெரியும், அந்த மக்கள் யார் என்பது தெரியாது. சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகளாகக் கருதிய குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்றவர்கள் மீது 1920 ஏப்ரல் 3-இல் உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதைப் பற்றி எழுதுகிறவர் அரசு ஆவணத்தோடு நிறுத்திக்கொண்டால் பாதி வரலாறுதான் கையில் இருக்கும். உசிலம்பட்டிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். சொன்னவர் பெயர், வயது, கேட்ட தேதி, அவர் நேரில் கண்டதா, தாத்தா சொல்லிக் கேட்டதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்படிக் குறித்துவிட்டால் அதுவும் ஆதாரம்தான்.

உங்கள் தலைப்பு என்னவென்று எழுதுங்கள். எங்கே தொடங்கலாம் என்று எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.