ஆயுதம் ஏந்தாத கார்ப்பரல்

கேள்வி: கொல்ல மறுப்பதைக் கொள்கையாகக் கொண்ட ஒருவர், போர்முனையில் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி உயிர்துறந்தது உண்டா?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் பென்னட்டை மனம் கனக்காமல் என்னால் நினைக்க முடிவதில்லை. மனசாட்சியின் பேரில் ஆயுதத்தை மறுத்த அவர், நாட்டுக்கான கடமையை மறுக்காமல், மருத்துவ உதவியாளராக வியட்நாம் போருக்குச் சென்றார்; ராணுவத்தில் அவருடைய பதவி கார்ப்பரல் என்ற கீழ்நிலைப் பதவி.

1969 பிப்ரவரி 9 அன்று, பிளேக்கு மாகாணத்தின் சூ பா பகுதியில், முன்னணியில் சென்ற மூவர் குண்டடிபட்டு விழுந்தபோது, அவர் துப்பாக்கிச்சூட்டினூடே ஓடிச்சென்று, காயங்களுக்குக் கட்டுப்போட்டு, அவர்களைப் பாதுகாப்பான இடத்திற்குக் கொண்டுவந்தார். 11ஆம் தேதி நடந்த தாக்குதலில் ஐவர் காயமுற்றனர். ஒருவருக்குச் சிகிச்சையளித்து முடித்த கையோடு, படையின் நிலைக்கு முன்னால், தரையோடு தரையாகத் தோட்டாக்கள் பாய்ந்த வெளியில் கிடந்த இன்னொருவரை நோக்கி அவர் கிளம்பினார். அங்கே போய்ச்சேரவே முடியாது என்று உடனிருந்தவர்கள் எச்சரித்தும் கேளாமல் பாய்ந்தவர், அந்த முயற்சியிலேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 21. எச்சரிக்கையைக் கேட்ட பின்னும் எடுத்துவைத்த அந்த அடியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அமெரிக்காவின் மிக உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஆனரை, 1970 ஏப்ரல் 7 அன்று குடியரசுத் தலைவர் நிக்சன் அவருடைய குடும்பத்தாரிடம் வழங்கினார். உயிரோடிருந்தால் அன்று அவருக்கு 23ஆவது பிறந்தநாள். அவர் பயின்ற மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதிக் கட்டடம் ஒன்று இன்றும் பென்னட் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.