அடுப்படியை விட்டுப் போக ஆசைப்படுவது தப்பா?

எனக்கு 68 வயது, கணவருக்கு 74. அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்தில் சொந்த வீடு. கொல்லையில் கிணறு, முருங்கை, இரண்டு தென்னை. மகன் டாலஸில், மகள் பெங்களூருவில். இருவரும் தினமும் போன் செய்வார்கள், குறை சொல்ல முடியாது.

போன ஐப்பசியில் ஒரு நாள், விடியற்காலை மூன்று மணிக்கு அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். கரன்ட் வேறு இல்லை. என்னால் தூக்க முடியவில்லை. டார்ச்சை அவர் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, மழையோடு ஓடி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றுமில்லை. இடுப்பில் கன்றியதோடு போயிற்று.

அதன்பிறகு மகள் எடுத்த பேச்சுதான் இந்த சீனியர் லிவிங், வயதானவர்களுக்கென்றே இருக்கும் குடியிருப்பு. கோயம்புத்தூரில் தொண்டாமுத்தூர் பக்கம் ஓர் இடம் பார்த்துவைத்திருக்கிறாள். வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து இருவருக்கும் மாதம் 42,000. அவர் பென்ஷன் 46,000. வீட்டை விற்று அங்கேயே ஒரு வில்லா வாங்கிவிடலாம் என்றும் சொல்கிறாள்.

அவர் காதிலேயே வாங்குவதில்லை. "ரெண்டு புள்ளைய பெத்துட்டு முதியோர் இல்லத்துல போய் உட்காரணுமா? ஊர்ல என்ன பேசுவாங்க?" என்கிறார். என் நாத்தனாரும் போனில், "அண்ணன அநாதையாட்டம் கொண்டுபோய் விடப் போறீங்களா அண்ணி?" என்று அழுதாள். மகள் அனுப்பிய விளம்பரப் புத்தகத்தை அவர் நாலாக மடித்து கிரைண்டர் காலுக்கு அடியில் வைத்துவிட்டார். ஆட்டம் நிற்கிறதாம்.

இன்னொன்று. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் சாப்பாட்டுக் கூடத்தின் படம் ஒன்று இருந்தது. மடிப்பதற்கு முன்னால் அதைத்தான் நான் எடுத்து எடுத்துப் பார்த்தேன். 46 வருஷமாகச் சமைக்கிறேன். இப்படி நினைப்பதற்கு மன்னியுங்கள். நான் சுயநலக்காரியா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

ஆலோசகர் பதில்

அன்புள்ள அம்மா,

மன்னிப்புக் கேட்கும்படி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அந்த இடத்தில்தான் நான் நின்றேன். அவர் விழுந்ததை விவரமாக எழுதிய நீங்கள், உங்கள் அலுப்பை மட்டும் கடைசியில் ஒளித்து எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. "அப்பா விழுந்துட்டார், அதனால போகணும்" என்றே எல்லோரும் பேசியிருப்பீர்கள். மணி அடித்ததும் ஒரு பள்ளிக்கூடமே எழுந்து நிற்பதைப் பார்த்துப் பழகியவர் அவர். அவர் காதில் அது "இனி உங்களால் ஆகாது" என்று விழுந்திருக்கலாம். நேரில் பேசாமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் பயத்தை வெளியே சொல்ல முடியாதவர்கள், ஊரைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள்.

அதனால் அவர் உடம்பைப் பற்றிய பேச்சைக் கொஞ்ச நாள் விடுங்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். "எனக்கு முடியலைங்க. மாவுப் பாத்திரத்தைத் தூக்கினா மணிக்கட்டு விண்ணுனு தெறிக்குது." இப்படி ஒரு வாக்கியத்தை 46 வருஷத்தில் எத்தனை முறை அவரிடம் சொல்லியிருப்பீர்கள்? கோவைக்குப் போவது இருக்கட்டும், சமையலுக்கு ஓர் ஆளை இந்த மாதமே வையுங்கள். பாத்ரூமில் சுவரோடு கைப்பிடி, வழுக்காத தரை, எமர்ஜென்சி லைட் மூன்றையும் இந்த வாரமே முடியுங்கள். நாலாம் நாளே "சாம்பார்ல உப்பு கம்மி" என்பார். சொல்லட்டும், நீங்கள் எழுந்து போய்ச் சரி செய்யாதீர்கள்.

இனி அந்த இடம். வாங்குவதற்கு முன் தங்கிப் பாருங்கள். இப்படிப்பட்ட பல இடங்களில் ஒரு வாரம், ஒரு மாதம் என்று வாடகைக்குத் தருகிறார்கள். பொங்கல், தீபாவளி சமயத்தில் போகாதீர்கள், எல்லா இடமும் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். சாதாரண நாளில் பத்து நாள் இருந்து, ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அழைப்பு மணியை அழுத்துங்கள். யார் வருகிறார்கள், எத்தனை நிமிஷத்தில் வருகிறார்கள்? நர்ஸ் இரவிலும் உண்டா, ஆம்புலன்ஸ் வளாகத்திலேயே நிற்குமா? அதற்குப் பிறகு நீச்சல் குளத்தைப் பார்க்கலாம். காபியையும் மறந்துவிடாதீர்கள். கும்பகோணத்து நாக்குக்கு அது சின்ன விஷயமில்லை.

யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. உங்களில் ஒருவர் மட்டும் மிஞ்சினால்? அவர் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி. அவருக்குப் பின் உங்களுக்கு வரும் குடும்ப ஓய்வூதியமோ அதே சம்பளத்தில் 30 சதவீதம்தான். இன்றைக்கு 46,000 வருகிற இடத்தில் உங்கள் கைக்கு 27,600 அளவுக்குத்தான் வரும். இரண்டு பேருக்கு 42,000 என்றால் ஒருவருக்கு 21,000 என்று நினைத்துவிடாதீர்கள். வாடகையும் பராமரிப்பும் பாதியாகாது, சாப்பாட்டுக் காசுதான் குறையும். ஒருவருக்கான கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றுவார்கள் என்பதையும் கேளுங்கள். 8 சதவீதம் ஏறினால் ஒன்பதே ஆண்டில் இரட்டிப்பாகிவிடும், அகவிலைப்படி அந்த வேகத்தில் ஓடுமா என்று பாருங்கள். படுக்கையில் விழுந்தாலோ, மறதி நோய் வந்தாலோ அங்கேயே பார்த்துக்கொள்வார்களா, வேறு இடம் பார்க்கச் சொல்வார்களா? ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது அந்தப் பத்தியைத்தான்.

வீட்டை இப்போது விற்க வேண்டாம். ஒரு வருஷமாவது பூட்டியோ, வாடகைக்கு விட்டோ வையுங்கள். திரும்பி வர ஒரு வாசல் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவர் கிளம்பவே சம்மதிப்பார். வில்லா வாங்கத்தான் வேண்டும் என்றால், மனைப்பங்கோடு உங்கள் பெயரில் பதிவாகிறதா, ஆயுள் முழுக்கத் தங்கும் உரிமை மட்டும்தானா என்று வக்கீலிடம் காட்டுங்கள். கட்டிக்கொண்டிருக்கும் திட்டம் என்றால் ரெரா (வீடு கட்டி விற்பவர்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். பிள்ளைகள் பெயருக்கு வீட்டை எழுதிவைக்கும் பேச்சு வந்தால், எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அது மீறப்பட்டால், 2007-ம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். உங்கள் பிள்ளைகளைச் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் சொல்வதுதான்.

நாத்தனாருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். அவருடைய தங்கை, அவரே பேசிக்கொள்ளட்டும். பத்து நாள் தங்கிப் பார்த்தும் வேண்டாம் என்று அவர் சொன்னால், அந்தப் பேச்சை ஆறு மாதம் தள்ளிவையுங்கள். சமையல்காரம்மாவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

முதல் தடவை மகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், நீங்கள் இருவர் மட்டும் போங்கள். மயிலாடுதுறை - கோவை ஜன் சதாப்தி கும்பகோணத்தில் நிற்கும். எந்தத் தேதிக்கு டிக்கெட் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.