வைரஸ் எந்த மடை வழியாக நுழைகிறது?

பாளையங்கோட்டையில் இருபது ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை.

வண்ணாரப்பேட்டை, ஜெராக்ஸ் கடைக்காரர்: அண்ணாச்சி, மாணவர்களின் பென்டிரைவைச் செருகினால் போல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடுகின்றன. கோப்புகள் போய்விட்டனவா?

போகவில்லை தம்பி. வைரஸ் அவற்றுக்கு ‘மறைந்தவை’ என்று குறியிட்டுவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டை வைத்திருக்கிறது. விண்டோஸ் மறைந்த கோப்பைக் காட்டாது. கோப்பு எந்த வகை என்று சொல்லும் பெயரின் பின்னொட்டையும் (.txt, .exe போன்றவை) தானாகவே மறைத்துவிடும். 2000 மே மாதத்தில் பரவிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் இந்தப் பழக்கத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டது. அது நிரல் கோப்பு; கண்ணுக்கு வெறும் கடிதமாகத் தெரிந்தது. மறைந்த கோப்புகளும் பின்னொட்டும் தெரியும்படி அமைப்பை இன்றே மாற்றுங்கள். ஷார்ட்கட்டைத் தொடவே தொடாதீர்கள்.

அம்பாசமுத்திரம், கல்லூரி மாணவி: லினக்ஸில் வைரஸே வராதாமே, அண்ணாச்சி?

வரும் அம்மா. லினக்ஸும் விண்டோஸ் போல ஓர் இயங்குதளம்தான். 1988 நவம்பர் 2 அன்று கிளம்பிய மோரிஸ் புழு (தானே பரவும் நிரல்), லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் கணினிகளில்தான் பரவியது. வேறுபாடு அதிகாரத்தைப் பங்கிடுவதில் இருக்கிறது. பலர் ஒரே கணினியைப் பகிர்ந்த காலத்தில் யூனிக்ஸ் உருவானது. தாமிரபரணிக் கால்வாயில் தன் வயல் மடையைத் திறப்பவர் அணைக்கட்டின் ஷட்டரைத் தொட முடியாதல்லவா, அதே ஏற்பாடு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலோ வீட்டுப் பயனர் பெரும்பாலும் முழு அதிகாரமுள்ள நிர்வாகியாகவே இருந்தார். அவர் திறந்த வைரஸுக்கும் ஷட்டர் சாவி கிடைத்தது. 2007இல் விண்டோஸ் விஸ்டா முக்கிய மாற்றங்களுக்கு அனுமதி கேட்கத் தொடங்கியபோது, தொந்தரவு என்று பலர் அதை அணைத்துவிட்டார்கள். எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. ஆனாலும் உங்கள் படங்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸுக்கு நிர்வாகி அதிகாரம் தேவையில்லை. உங்கள் அதிகாரமே போதும். லினக்ஸிலும் நகல் எடுத்து வையுங்கள்.

மேலப்பாளையம், இல்லத்தரசி: வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு வந்திருக்கிறது. திறக்கலாமா?

வேண்டாம். ஏபிகே என்பது பத்திரிகை அல்ல, ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு. ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலியையும் தனி அறையில் வைக்கிறது. எஸ்எம்எஸ் படிக்கவும் திரையைக் கையாளவும் நீங்களே அனுமதி கொடுத்தால், அந்தச் சுவர் உதவாது. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும்.

தென்காசி, பலசரக்குக் கடைக்காரர்: விண்டோஸ் 7 நன்றாகத்தானே ஓடுகிறது?

ஓடும், ஆனால் 2020 ஜனவரி 14உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. 2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. கோப்புப் பகிர்வுச் சேவையில் இருந்த ஓட்டை வழியாக அதுவே நுழைந்தது. திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் சிக்கினார்கள். பில் அடிக்க மட்டும்தான் என்றால், நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.