வாசகர் கேள்வி–பதில்: நோயாளியிடம் எதைக் கேட்பது?

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்து போகும் நோயாளிகளின் அனுபவம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். முன்னோட்டமாக 60 பேரிடம் கேட்டதில் 55 பேர் ‘திருப்தி’ என்றார்கள். இதை வைத்து என்ன எழுதலாம்?

பதில்: பெரிதாக எதுவும் எழுத முடியாது. குறைவாக எதிர்பார்த்து வருகிறவர் கிடைத்ததில் மனம் நிறைந்து போகிறார். நாளைக்கும் அதே டாக்டரிடம்தான் வரவேண்டும் என்பதால் குறை சொல்லத் தயங்குகிறார். இந்த இரண்டும் சேர்ந்தால், எந்த நிலையத்தில் கேட்டாலும் பத்தில் ஒன்பது பேர் திருப்தி என்பார்கள். நல்ல நிலையத்துக்கும் மோசமான நிலையத்துக்கும் வித்தியாசமே தெரியாது.

மதிப்பெண் கேட்பதை விட்டுவிட்டு, நடந்ததைக் கேளுங்கள். ‘டாக்டர் நன்றாகக் கவனித்தாரா?’ என்பதற்குப் பதில் இப்படிக் கேட்கலாம்: மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? என்ன ஆனால் உடனே திரும்பி வர வேண்டும் என்று சொன்னார்களா? நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க விட்டார்களா? கடைசிக் கேள்வியை அற்பம் என்று ஒதுக்க வேண்டாம். 1984-ல் அமெரிக்காவில் 74 சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்த ஆய்வில், பேச ஆரம்பித்து சராசரியாக 18 வினாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். சொல்ல வந்ததை முழுக்கச் சொன்னவர்கள் 17 பேர்தான். 1999-ல் வந்த இன்னொரு ஆய்விலும் அந்த நேரம் சராசரியாகச் சுமார் 23 வினாடிதான்.

‘டாக்டரும் நர்ஸும் மரியாதையாக நடந்தார்களா?’ என்று கேட்டால் அது இரண்டு கேள்வி. ஒருவர் நல்லவர், மற்றவர் எரிந்து விழுபவர் என்றால் நோயாளி எதில் டிக் அடிப்பார்? பதில் வரிசையில் ‘முழுமையாக, ஓரளவு, இல்லை’ என்பவற்றோடு ‘எனக்குப் பொருந்தாது’ என்பதும் கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால், மருந்தே வாங்காதவரும் மருந்து விளக்கம் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லி வைப்பார். ஒரு குறிப்பிட்ட வருகையைப் பற்றிக் கேட்டால் இரண்டு வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள். ஒரே டாக்டரைத் தொடர்ந்து பார்க்க முடிகிறதா என்பது போன்றவற்றுக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ பின்னோக்கிப் போகலாம்.

முதல்நிலை மருத்துவத்துக்கு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் பார்பரா ஸ்டார்ஃபீல்ட் வகுத்த நான்கு பண்புகள் உண்டு: எந்த நோய்க்கும் முதலில் போகும் இடம், தொடர்ச்சி, பரந்த சேவை, மற்ற மருத்துவமனைகளோடு ஒருங்கிணைப்பு. உங்கள் கேள்வித்தாளை இந்த நான்கோடும் ஒட்டிப் பாருங்கள். பல கேள்வித்தாள்கள் காத்திருப்பு அறையிலேயே, நாற்காலியிலும் கழிவறையிலும், நின்றுவிடுகின்றன.

கேள்வி: வெளியே வரும்போதே வாசலில் கேட்பதா, பிறகு வீட்டுக்குப் போன் செய்து கேட்பதா?

பதில்: வாசலில் கேட்டால் நினைவு பசுமையாக இருக்கும், மறுப்பவர் குறைவு, ஆனால் முகத்துக்காகப் பேசுவார்கள். வீட்டில் மனம்விட்டுப் பேசுவார்கள். ஆனால் சொந்தமாகப் போன் இல்லாதவர் விட்டுப்போவார். வாசல்தான் வசதி என்றால், கேட்பவர் நிலைய ஊழியராக இருக்கக் கூடாது, வெள்ளை கோட் வேண்டாம், மருந்து கொடுக்கும் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்காருங்கள். ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்: ஒரு நாளைக்கு 120 பேர் வந்து உங்களுக்கு 20 பேர் வேண்டுமானால், 1 முதல் 6 வரை சீட்டுக் குலுக்கி, வந்த எண்ணிலிருந்து ஆறாவது ஆறாவது ஆளைப் பிடியுங்கள். காலையில் மட்டும் போனால் மாலையில் வருகிற கூலித் தொழிலாளியைப் பார்க்கவே மாட்டீர்கள்.

வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போனவரும், வருவதையே நிறுத்திவிட்டவரும் இந்த இரண்டு முறையிலும் சிக்க மாட்டார்கள். மோசமான அனுபவம் அவர்களிடம்தான் இருக்கும். அவர்களைப் பிடிக்க வீடு வீடாகத்தான் போக வேண்டும்.

கேள்வி: 384 பேர் போதும் என்று வழிகாட்டி சொல்கிறார். 20 நிலையங்களில் பிரித்து எடுக்கப் போகிறேன். சரிதானே?

பதில்: 384 என்பது 95 சதவீத நம்பகம், 5 புள்ளி பிழை வரம்பு, எல்லோரையும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்தது என்ற கணக்கு. நீங்கள் எடுப்பது கொத்துக் கொத்தாக. ஒரே நிலையத்தில் ஒரே டாக்டரைப் பார்த்தவர்களின் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒப்புமையின் அளவு 0.05 என்றும், நிலையத்துக்கு 20 பேர் என்றும் வைத்தால், 384-ஐப் பெருக்க வேண்டிய எண் 1 + (19 × 0.05) = 1.95. அதாவது 749 பேர், சுமார் 38 நிலையங்கள். பத்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்தால் 832 பேரை அணுக வேண்டும். இதே கணக்கில் அந்த 20 நிலையத்துக்குள்ளேயே நின்றால், ஒவ்வொன்றிலும் 456 பேர், மொத்தம் 9,120! ஆளைக் கூட்டுவதைவிட நிலையத்தைக் கூட்டுவதுதான் மலிவு.

நிலையத்துக்கு 20 பேரை வைத்துத் தரவரிசைப் பட்டியல் போடச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். 20 பேரில் கிடைக்கும் 50 சதவீதம் என்பது மேலும் கீழும் 22 புள்ளி ஆடும்.

கேள்வி: நேர்காணலில் எல்லோரும் ‘ஒரு குறையும் இல்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். எத்தனை பேரைப் பார்த்தால் போதும்?

பதில்: ‘வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து சொல்லுங்கள்’ என்று ஆரம்பியுங்கள். எதில் வந்தீர்கள், வேலையை யாரிடம் விட்டு வந்தீர்கள், சீட்டு யார் எழுதினார், உள்ளே வேறு யார் இருந்தார்கள். குறை என்ற சொல்லே வராமல் குறை வெளியே வந்துவிடும். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம்.

எண்ணிக்கைக்குப் பலரும் காட்டுவது 2006-ல் வெளியான ஒரு ஆய்வை: 60 நேர்காணலில் பெரும்பாலான கருத்துகள் முதல் 12-லேயே வந்துவிட்டன. ஆனால் அதில் பேசியவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியான பெண்கள். சர்க்கரை நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் கலந்து எடுத்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாக எண்ணுங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். கால அட்டவணையில் இதைத்தான் முதலில் மறப்பார்கள்.

கேள்வி: நிறைவு செய்த படிவங்களைக் காட்டும்படி நிலையப் பொறுப்பாளர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ஒப்புதல் படிவத்தில் ரகசியம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள். தொகுத்த எண்களை மட்டும் கொடுங்கள். ஐந்துக்குக் குறைவான எண்ணிக்கை வரும் கட்டங்களை மறைத்துவிடுங்கள். பெயரை எடுத்துவிட்டால் போதாது: ‘இரட்டைப் பிள்ளைகளோடு திங்கள்கிழமை வந்தேன்’ என்ற ஒரு வரி போதும், யார் என்று ஊழியர் சொல்லிவிடுவார். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. யாராவது தவறான அளவில் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பது பேச்சில் தெரிந்தால் சும்மா இருக்க முடியாது. அப்போது யாரிடம், எப்படிச் சொல்வது என்பதை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் திட்டத்திலும் நோயாளியிடம் வாசித்துக் காட்டும் தாளிலும் முன்பே எழுதிவிடுங்கள்.